கடைசி ஒரு சாண்

"பாய்க்காகப் படகைத் திருப்புற ஆள் நான் இல்லீங்க. படகு போற போக்குக்குப் பாய்தான் வந்து நிக்கணும்."

தேநீர்க் குவளை பிடித்த கையாலேயே ஏரியைச் சுட்டிக்காட்டிப் பாய்க்காரர் இப்படிப் பிரகடனம் செய்தபோது, குவளையிலிருந்து ஒரு வாய் தேநீர் பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. பிரகடனங்கள் என்றால் அக்கம்பக்கத்தில் சிறு சேதங்கள் இருக்கத்தான் செய்யும். டாக்டர் கேட்டது சாதுவான ஒரு சந்தேகம். படகின் முன்பாய் துடிக்கிறபோது கயிற்றை இழுத்துத்தான் அதை அடக்கவேண்டுமா, சுக்கானை லேசாக அசைத்துப் படகையே காற்றிலிருந்து கொஞ்சம் ஒதுக்கினால் ஆகாதா என்று கேட்டார். ஆகும். எல்லா ஏரியிலும் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் செய்வதைத் தானும் செய்வது பாய்க்காரருக்கு ஆகாது. "சட்டை பத்தலைன்னா தையல்காரரைப் பாப்பீங்களா, கையை வெட்டிக்குவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அன்று துறையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். டாக்டர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போனார். பல் பிடுங்குகிறவர்களுக்குப் பொறுமை அதிகம்.

படகு என்றால் ஊரார் பார்ப்பது பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாயைத்தான். படம் எடுத்துக்கொள்வதும் அதன் முன்னால்தான். மரத்துக்கு முன்னால், படகின் மூக்கிலிருந்து மரத்தின் உச்சிப் பக்கம் சாய்வாக ஏறும் கம்பியில், ஒரு சிறிய முக்கோணம் தொங்குமே, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் முன்பாய். பாய்க்காரரின் கட்சி, பெரிய பாய் வெறும் உடம்பு, முன்பாய்தான் மூளை. துறையில் இருக்கும் அத்தனை படகுகளுக்கும் பாய் தைத்து, ஏற்றி, சரிபார்த்துக் கொடுப்பது அவர் தொழில். பெரிய பாயை யார் வேண்டுமானாலும் தொடலாம். முன்பாயைத் தொடுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

காலையில் கொட்டகையைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஒரு வேலையும் செய்யாமல் நிற்பது. கீழுதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு முகத்தை இடமும் வலமுமாகத் திருப்புவார். காற்றுக்கு நேர்காணல் நடக்கிறது என்று பொருள். துறைக் கட்டடத்தின் மேல் காற்றுமானி ஒன்று சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அதைக் காட்டினால், "அது கூரைக்கு அடிக்கிற காத்து. நான் கூரையிலயா படகு விடுறேன்?" என்பார்.

பிறகு பை திறக்கப்படும். முன்பாயின் கீழ் மூலை முதலில் படகின் மூக்கிலுள்ள கொக்கியில் ஏறும். அதன்பின் பாயின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் கிளிப்புகளைக் கீழிருந்து மேலாகக் கம்பியில் மாட்டிக்கொண்டு போவார். நடுவில் ஒன்று திரும்பிக்கொண்டால் முதலிலிருந்து ஆரம்பம். கடைசியாகத் தலை மூலையை ஏற்றுகயிற்றில் கோத்து, அந்தக் கயிறு மேலே எங்காவது கம்பியைச் சுற்றியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். அப்போது வாய் திறந்திருக்கும். அந்த வேளையில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பல் டாக்டர் மட்டும் ஒருமுறை, வாய் திறந்திருக்கிறதே என்று தொழில்முறை ஆர்வத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் ஒன்றைப் பற்றி ஏதோ சொன்னாராம். கடைவாய்ப் பல் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதே டாக்டர்தான் புதுப் படகு வாங்கிய உற்சாகத்தில் ஒருநாள் முன்பாயைத் தானே ஏற்றினார். தலைகீழாக. குறுகின தலை கீழேயும் அகன்ற அடி மேலேயுமாக அது ஆடியதைத் துறையே பார்த்தது. பாய்க்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று துறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் மனைவி அதை மறுக்கிறார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

பாய் மேலே ஏறியதும் அதன் முகத்தைப் படிப்பது அடுத்த வேலை. கம்பியோரம் குறுக்கே சுருக்கம் விழுந்தால் ஏற்றுகயிறு தளர்ச்சி. நெடுக்கே மடிப்பு விழுந்தால் இறுக்கம் மிச்சம். "மூஞ்சியைச் சுளிக்குது பாருங்க, என்னமோ பிடிக்கலை அதுக்கு" என்று வைத்தியர் தோரணையில் அறிவித்துவிட்டு, கயிற்றில் ஒரு கடுகளவு விட்டுக்கொடுப்பார். அப்புறம் நூல்கள். முன்பாயின் இரண்டு முகத்திலும், மேலே, நடுவே, கீழே என்று கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டி வைத்திருப்பார். பாயின் இரண்டு பக்கமும் காற்று ஒழுங்காக ஓடினால் நூல்கள் படுத்துக் கிடக்கும். பாய் தளர்ந்திருந்தால் காற்று வரும் பக்கத்து நூல் எழுந்து துடிக்கும். மேல் நூல் முதலில் துடித்தால் கயிறு போகும் கப்பியை முன்னால் நகர்த்துவார். கீழ் நூல் முந்திக்கொண்டால் பின்னால். எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் படுத்தால் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். வருமான வரியெல்லாம் ரத்தாகிவிட்டது போன்ற சாந்தம்.

இந்த வியாதி துறையோடு நிற்பதில்லை. வீட்டில் ஜன்னல் திரைகளுக்குக் கப்பி உண்டு. கொடியில் காயும் போர்வைகள் காற்றுக்கு எந்தச் சாய்வில் நிற்கவேண்டும் என்பதற்கு விதி உண்டு. எதிர்வீட்டுக் கொடி தொய்ந்து கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் போய் இழுத்துக் கட்டிவிட்டு வந்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் குள்ளம். அன்றிலிருந்து துணி காயப்போட அவர்கள் ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள். இடுப்பில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பழைய கயிறுதான் கட்டியிருப்பார். பெல்ட் நகர்கிறது என்பது அவர் புகார். கயிறு நகராது. அவர் கட்டினால் எதுவும் நகராது.

நகர்கிற ஒரே ஆள் அவர் மனைவி. அம்மையார் என்றே அவரைச் சொல்லிவிடலாம், துறையிலும் அப்படித்தான். அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை அவருக்கு. தாள்களைச் சேர்த்துத் தைத்து, இழுத்து முடிச்சுப் போட்டு, ஒட்டி, அழுத்தி வைப்பார். விடுமுறை நாட்களில் தங்கள் சொந்தப் படகில் முன்னால் உட்கார்ந்து முன்பாயைப் பிடிப்பார். அது இரண்டே பேர் போகிற சின்னப் படகு. டாக்டரின் படகுக்குப் பக்கத்தில் நின்றால் அதன் குட்டி மாதிரி இருக்கும். பின்னால் சுக்கானும் பெரிய பாயும் புருஷனுடையது. முன்பாய்க் கயிறு இவருடையது. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட இந்தப் பங்கீடு பிறகு மாறவே இல்லை. வீட்டில் எல்லா முடிவும் அம்மையாருடையது; தண்ணீரில் மட்டும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, புருஷன் சொன்னதைக் கேட்டார். அதுவும் என்ன பெரிய சொல்? "இன்னும்" என்றால் இழுக்க வேண்டும். "விடு" என்றால் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான் ஏரியில் அவர்கள் தாம்பத்தியம். பல வீடுகளில் இதற்கு மேல் பேசி இதைவிடக் குறைவாகத்தான் சாதிக்கிறார்கள்.

அந்தக் கயிற்றில் கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம். முதலில் கயிறு சுலபமாக வரும். பாய் விறைத்ததும் கனக்கும். காற்று ஓங்கும்போது அந்தக் கடைசிச் சாணை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வாங்கவேண்டும். ஒரு கை இழுக்கும், ஒரு கை பிடித்துக்கொள்ளும். அம்மையார் அதைத் திரும்பிப் பார்க்காமல் செய்வார். புத்தக நூலை இழுத்த கை. அந்தச் சாண் உள்ளே வந்ததும் நூல்கள் படுத்துவிடும். பாய்க்காரர் பின்னாலிருந்து, ஏதோ தானே செய்தது போலத் தலையை அசைத்துக்கொள்வார்.

ஒருநாள் அச்சகத்தில் அம்மையாரின் வலது கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அவர் குனியவில்லை, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில், மூளையில் சின்ன அடைப்பு, பேச்சுக்கு ஆபத்தில்லை, காலுக்கு ஆபத்தில்லை, வலது கை மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும் என்றார்கள். எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, பழக்கப் பழக்க வரும் என்றார்கள். அது பதிலில்லை என்பது பாய்க்காரருக்கே தெரிந்தது. அம்மையார் படுக்கையிலிருந்து முதலில் சொன்னது, பேச்சு போயிருந்தால் வீட்டில் சில பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது. பாய்க்காரர் சிரிக்கவில்லை. வராந்தாவில் போய், அங்கே தொங்கிய திரையின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் செய்தது பெரிய தவறு என்று சொல்லமுடியாது. நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், பார்க்காமல் இருந்தார். சாப்பிடும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையாரின் மூன்று விரல்கள் கரண்டியைச் சுற்றி மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்பதை அவர் பார்க்கவில்லை என்பதை அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். துறையில் கிழியாத பாய்களையெல்லாம் பாய்க்காரர் பிரித்துத் தைத்தார். பல் டாக்டரின் முன்பாயை மட்டும் இரண்டு தடவை. டாக்டர் கேட்கவே இல்லை.

அச்சகத்தில் அம்மையாருடைய ஸ்டூலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, லேபிள் ஒட்டும் மேஜைக்கு அவரை மாற்றினார்கள். இடது கையால் ஒட்டினார். கோணலாக ஒட்டியவற்றைப் பிய்த்து மறுபடி ஒட்டினார்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மிதவைச் சுற்றுக்கு நாள் நெருங்கியது. ஏரியின் அந்தக் கோடியில் ஒரு மஞ்சள் மிதவை. இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் மிதவை. இரண்டையும் சுற்றிக்கொண்டு துறைக்குத் திரும்பவேண்டும். பரிசு ஒரு பித்தளைக் கோப்பை, அதில் துளை வேறு. அதற்காக மனிதர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். பாய்க்காரர் தம்பதி கோப்பையைப் பல தடவை கொண்டுபோயிருக்கிறார்கள்; வீட்டில் அது குடை வைக்கப் பயன்பட்டது. இந்தத் தடவை பாய்க்காரர் ரொம்ப யதார்த்தமான குரலில், முன்னால் மைத்துனர் உட்காரட்டும் என்றார். வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னதால் யதார்த்தம் இன்னும் கூடியது.

மைத்துனர் என்பவர் அம்மையாரின் தம்பி. ரொட்டிக்கடை வைத்திருப்பவர். மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்து முன்பாய்க் கயிற்றைப் பிடித்தார். பிடித்தார் என்றால் சாதாரணப் பிடியா? கடைசிச் சாண் மட்டுமல்ல, அதற்கடுத்த சாணும் உள்ளே வந்துவிட்டது. முன்பாய் பலகை மாதிரி தட்டையாகி, படகு நின்ற இடத்திலேயே மூச்சு முட்டி நின்றது. "விடு மச்சான், விடு. அது பாயி. மாவு இல்ல" என்று பாய்க்காரர் பின்னாலிருந்து கெஞ்சினார். மைத்துனர் மொத்தமாக விட்டார். பாய் சுழன்று வந்து அவர் காதைத் தட்டியது. "மாமா, இதுக்கு நடுவுல ஒண்ணும் கிடையாதா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அம்மையார் கரையில் ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட காட்சிக்கு அவர் வாய் சும்மா இருக்காது. அன்று இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது பாய்க்காரர் தானாகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கயிறு ஈரத்தில் வழுக்கும், அந்த மிதவைப் பக்கம் காற்று திடீர் திடீரென்று ஓங்கும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அம்மையார் தெருமுனை வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

"அச்சகத்துல என் ஸ்டூலை எடுத்து வேற ஆளுக்குக் குடுத்தாங்க. சரி, அது அவங்க ஸ்டூல். இது நம்ம படகு."

பாய்க்காரர் வாயைத் திறந்தார்.

"என் தம்பி உக்காரட்டும், யாரு வேணா உக்காரட்டும். அப்படி உக்காந்தா நான் இனிமே கரைப்பக்கமே வரமாட்டேன். கோவத்துல சொல்லலை. வந்து நின்னு பாக்க முடியலைங்க, அவ்வளவுதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் பாய்க்காரர் சமாளித்திருப்பார். கோபத்துக்கு அவரிடம் முப்பது வருடப் பயிற்சி இருந்தது. இதற்கு இல்லை. அன்று வீடு போய்ச் சேரும்வரை, தெருவில் தொய்ந்து கிடந்த எந்தக் கொடியையும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு கப்பி தொங்கியது. அதன் வழியாக ஒரு முன்பாய்க் கயிறு வெளியே போய், வெளிப்பக்கம் தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றில் முடிந்தது. பாய்க்காரர் கயிற்று நுனியை அம்மையாரின் மடியில் வைத்தார். அம்மையார் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு இடது கையால் இழுத்தார். வாளி ஏறியது. வலது கையால் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். வாளி இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. எதிர்வீட்டுக் குள்ளப் பெண்மணி ஸ்டூலின் மேல் நின்றபடி, இந்த வீட்டு ஜன்னலில் தண்ணீர் வாளி ஒன்று தயங்கித் தயங்கிச் சவாரி போவதைப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நாட்களில் பாய்க்காரருக்குத் தோன்றிய யோசனைகளுக்குக் கணக்கில்லை. கயிற்றில் ஒரு வளையம் வைத்துத் தைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். படகு கவிழ்ந்தால் நானும் பாயோடு சேர்ந்து உலரவேண்டியதுதான் என்றார் அம்மையார். தடித்த கயிறு போட்டார். அது கப்பியில் சிக்கியது. கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் பல்கவ்வியை அம்மையாரின் இடது கைக்கு எட்டும்படி நகர்த்தினார், அது உதவியது. இழுத்ததைக் கவ்வி பிடித்துக்கொண்டது. ஆனால் கவ்வியும் கொடுத்ததைத்தான் பிடிக்கும். காற்று ஓங்கும்போது கடைசிச் சாணை ஒற்றைக் கையால் கொடுக்க முடியவில்லை. பாயின் மூலையிலேயே இன்னொரு கப்பியைக் கட்டிப் பாரத்தைப் பாதியாக்கிப் பார்த்தார். கணக்குப்படி சரி. படகு பாய் மாற்றித் திரும்பியபோது அந்தக் கப்பி காற்றில் சுழன்று வந்து அவருடைய நெற்றியில் ஒரு முட்டையை வளர்த்துவிட்டுப் போனது. "இது எனக்கு ஒத்தாசையா, உங்களுக்குத் தண்டனையா?" என்று கேட்டுவிட்டு, அம்மையார் ஈரத்துணியை இடது கையால் பிழிந்து வைத்தார். அரைகுறையாகத்தான் பிழிய முடிந்தது. தண்ணீர் அவர் மூக்கு வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. பாய்க்காரர் துடைத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை. அந்தக் கையை, நீட்டிக்கொண்டு நின்ற மூன்று விரல்களை, முதல்முறையாக நிதானமாகப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தக் கப்பியை எடுத்துடுறேன்" என்றார்.

"எடுத்துடுங்க. என்ன இருக்கோ அதை வச்சுப் போவோம்."

மிதவைச் சுற்று நாளில் துறையில் எல்லாருடைய கண்களும் ஒரு கணம் அந்தச் சின்னப் படகின் முன்பக்கம் போய்விட்டு, நாகரிகமாகத் திரும்பிக்கொண்டன. ரொட்டிக்காரர் பல் டாக்டரின் படகில் இடம் பிடித்திருந்தார். அவர்கள் இருவரும் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்த விதத்தில், பெரிய பல் ஒன்றைப் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. "அக்கா, இன்னிக்கு மட்டும் நம்ம சொந்தத்தை மறந்துடு" என்று அவர் சத்தம் போட்டார். மறந்து வெகு நாளாச்சு, கடைசியா எப்ப ரொட்டி கொண்டாந்தே என்று அம்மையார் பதில் கொடுத்தார். துறை சிரித்தது. பாய்க்காரருக்கு மட்டும் சிரிக்கிற நேரமில்லை. முன்கம்பியைக் கட்டைவிரலால் மூன்றாம் தடவை சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாதி காற்று மரியாதையாக இருந்தது. பின்னாலிருந்து தள்ளும் காற்றில் முன்பாய்க்குப் பெரிய வேலையில்லை. அம்மையார் கயிற்றை இடது கையில் சுலபமாக வைத்திருந்தார். அந்தக் கோடி மிதவையை அவர்கள்தான் முதலில் சுற்றினார்கள். டாக்டரின் படகு அகலமாகச் சுற்றி, ரொட்டிக்காரரின் பலமான ஒத்துழைப்போடு, நிறையப் பின்தங்கியது.

திரும்பும் வழி காற்றுக்கு எதிரானது. எதிர்க்காற்றில் படகு நேராகப் போகாது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு காற்றை நெருங்கிச் சாய்ந்து சாய்ந்துதான் போகவேண்டும். இந்தப் பக்கத்து மிதவையை ஒரே வீச்சில் பிடிக்கவேண்டுமானால் மூக்கு ஒரு விரல்கூட விலகக்கூடாது. விலகினால் மிதவை காற்றுப் பக்கம் தப்பிவிடும். பிறகு இன்னொரு திருப்பம், இன்னொரு தடவை எல்லாக் கயிற்றையும் இழுத்து, அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். பாய்க்காரர் மிதவையைப் பார்த்தார், படகு போகும் கோட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. விளிம்பில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் காற்று ஓங்கியது. முன்பாயில் காற்றுப் பக்கத்து நூல்கள் எழுந்தன. மேலே ஒன்று, நடுவே ஒன்று, பிறகு கீழேயும். பாயின் முன்னோரம் முழுக்கத் துடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவருக்கு எப்போதும் பல்லைக் கூச வைக்கும்.

"இன்னும்" என்றார்.

அம்மையார் குதிகாலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கயிறு கொஞ்சம் வந்தது. கவ்வி பிடித்தது. மறுபடி இழுத்தார். வலது கையையும் கொண்டுவந்து கயிற்றின் மேல் வைத்தார். மூன்று விரல்களும் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றன, பிடிக்கவில்லை. கயிறு வந்த அளவு திரும்பிப் போனது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் மூன்றாம் முறை இழுப்பதற்காகத் தாழ்ந்தது. இன்னும் வரவேண்டியது சரியாக ஒரு சாண். பாய்க்காரருக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரியும்.

மறுபடி "இன்னும்" என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அவர் தன் முழங்கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய், சுக்கான் கட்டையை ஒரு விரல் அளவு தன் பக்கம் இழுத்தார். படகின் மூக்கு காற்றிலிருந்து ஒதுங்கியது. மனைவியின் கையில் என்ன கயிறு இருந்ததோ அதற்கே முன்பாய் நிறைந்து விறைத்தது. நூல்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. அம்மையாரின் தோள் தளர்ந்தது. மஞ்சள் மிதவை தூரத்தில், எட்டாத பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. பாய்க்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல், கட்டையை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.